தோற்க மறுத்தவள்

உலக டேபிள் டென்னிஸ் போட்டிகளில் பெண்கள் ஒற்றையர் பட்டம் வென்றவர்களின் பட்டியல் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். ஆண்டு, ஊர், பெயர், நாடு என்று நான்கே கட்டங்கள். 1926இல் லண்டனில் தொடங்கி 2025இல் தோஹா வரை வருகிறது. விளையாட்டு வரலாறு என்று நம் கைக்கு வந்துசேர்வது பெரும்பாலும் இப்படியான பட்டியல்தான். பொது அறிவுத் தேர்வுக்குப் படிக்கும் பெண்கள் இதை மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் அந்த நான்காவது கட்டம், 'நாடு' என்ற கட்டம், பெண்களின் வெற்றிகளை என்ன செய்திருக்கிறது என்று கேட்டால் பட்டியல் வேறு மாதிரி தெரியத் தொடங்கும். இந்தக் கட்டுரை அதில் 1987 என்ற ஒரு வரியைப் பற்றியது. அந்த வரிக்குப் போகுமுன் சில பழைய வரிகளைப் பார்த்துவிடலாம்.

முதல் வரி ஹங்கேரியின் மரியா மெட்னியான்ஸ்கி. 1926இலிருந்து 1931 வரை நடந்த ஐந்து உலகப் போட்டிகளிலும் ஒற்றையர் பட்டம் அவருடையது. இரட்டையர், கலப்பு இரட்டையர் எல்லாம் சேர்த்து 18 உலகத் தங்கங்கள். பல விளையாட்டுகளில் பெண்கள் உள்ளே வரப் பல பத்தாண்டுகள் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. ஒலிம்பிக் மாரத்தானில் பெண்கள் ஓடியது 1984இல்தான். டேபிள் டென்னிஸில் முதல் உலகப் போட்டியிலேயே பெண்கள் ஒற்றையர் இருந்தது. 1988இல் ஒலிம்பிக்கில் நுழைந்தபோதும் ஆண்கள் பிரிவும் பெண்கள் பிரிவும் ஒன்றாகவே நுழைந்தன. வரவேற்பறை விளையாட்டாகப் பிறந்ததும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். வீட்டுக்குள் ஆடும் ஆட்டத்தில் பெண்ணை வெளியே நிறுத்துவது கொஞ்சம் கடினம்.

ஆனாலும் முழுச் சமத்துவம் என்று சொல்லிவிட முடியாது. ஆண்கள் அணிக்கான கோப்பை 1926இலேயே வந்துவிட்டது. அதைக் கொடுத்தவர் ஒரு பெண்: சர்வதேசச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த ஐவர் மாண்டேகுவின் தாய், சீமாட்டி ஸ்வேத்லிங். இன்றும் ஆண்கள் அணி வெல்வது ஸ்வேத்லிங் கோப்பையைத்தான். பெண்களுக்கு அணிப் போட்டியே 1934இல்தான் தொடங்கியது. அந்தக் கோப்பையைக் கொடுத்தவர் பிரான்சின் மார்செல் கார்பியோன் என்ற ஆண்.

1937 என்ற வரி விசித்திரமானது. பல பத்தாண்டுகள் அந்த இடம் காலியாகவே கிடந்தது. ஆஸ்திரியாவின் பாடன் நகரில் அந்த ஆண்டு இறுதி ஆட்டம் அமெரிக்காவின் ரூத் ஆரன்ஸுக்கும் ஆஸ்திரியாவின் ட்ரூடி பிரிட்ஸிக்கும் நடந்தது. ஆரன்ஸ் முந்தைய ஆண்டின் சாம்பியன். இருவரும் பிழை செய்யாமல் பந்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார்கள். ஒரு மணி நாற்பத்தைந்து நிமிடம் என்ற கெடு முடிந்தது. ஆட்டம் நிறுத்தப்பட்டது. சாம்பியன் யாரும் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள்.

கெடு எங்கிருந்து வந்தது? அதற்கு முந்தைய ஆண்டு பிராகாவில் ஆண்கள் அணிப் போட்டியில் போலந்தின் எர்லிக்கும் ருமேனியாவின் பனெத்தும் முதல் ஒரு புள்ளிக்காக இரண்டு மணி நேரத்துக்கு மேல் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூத்துக்குப் பிறகு பிறந்தது இந்த விதி. ஆண்கள் இழுத்தடித்ததற்கு விதி செய்து, அதன்படி பட்டத்தைப் பறித்தது இரண்டு பெண்களிடமிருந்து. ஆண்கள் ஒற்றையர் பட்டியலில் அப்படிக் காலியான வரி ஒன்றுகூட இல்லை. 2001இல்தான் சம்மேளனம் இருவரையும் கூட்டுச் சாம்பியன்கள் என்று அறிவித்தது. அதைக் கேட்க இருவருமே உயிரோடு இல்லை.

பிரிட்ஸியின் கதையில் இன்னொன்றும் உண்டு. 1938 தொடக்கத்தில் அவர் ஆஸ்திரியாவுக்காகப் பட்டம் வென்றார். சில வாரங்களில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினார். 1939இல் அதே பிரிட்ஸி ஜெர்மனி அணியில் ஆடி அணிக் கோப்பை வென்றார். அவர் எங்கும் போகவில்லை. அவர் காலடியில் இருந்த நாடுதான் மாறியது.

ஏஞ்சலிகா ரொஸியானுவுக்கு நாடு இருந்தும் இல்லாமல்போனது. புகாரெஸ்டில் 1921இல் பிறந்த யூதப் பெண். பதின்ம வயதிலேயே ருமேனியாவின் சாம்பியன். போர் ஆண்டுகளில், யூதர் என்பதால், ஆட்ட அரங்கத்துக்குள் நுழையவே அவருக்கு அனுமதி இல்லை. இருபது வயதை ஒட்டிய சில ஆண்டுகள், ஒரு வீராங்கனையின் உடல் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகள், அப்படியே போயின. போருக்குப் பின் திரும்பி வந்து 1950 முதல் 1955 வரை தொடர்ந்து ஆறு முறை உலக ஒற்றையர் பட்டம் வென்றார். அவற்றில் ஒன்று 1952இல் பம்பாயில். ருமேனியா அவரைக் கொண்டாடியது. பிறகு அதே ருமேனியாவில் யூத எதிர்ப்பு மீண்டும் தலைதூக்க, 1960இல் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார். அவருக்குப் பிறகு இன்றுவரை ஐரோப்பியப் பெண் எவரும் அந்தப் பட்டத்தைத் தொடவில்லை.

பம்பாய்ப் போட்டி என்றதும் புத்தகங்கள் சொல்வது ஜப்பானின் ஹிரோஜி சாதோவை. தடித்த ஸ்பாஞ்ச் ஒட்டிய மட்டையோடு வந்து ஐரோப்பியரைத் திகைக்கவைத்து ஆண்கள் பட்டம் வென்றவர். அதே பம்பாயில் ஜப்பானியப் பெண்கள் அணிக் கோப்பையையும் பெண்கள் இரட்டையரையும் வென்றதை அந்தப் புத்தகங்கள் அடிக்குறிப்பில்தான் வைத்திருக்கின்றன. 1971க்கும் இதே கதிதான். நகோயாவில் சீன வீரர் ஜுவாங் செதோங் அமெரிக்க இளைஞர் க்ளென் கோவனுக்குப் பட்டுத்துணி பரிசளித்ததும், அதிலிருந்து 'பிங்பாங் ராஜதந்திரம்' பிறந்ததும் எல்லாருக்கும் தெரியும். அந்த நகோயாவில் ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் என மூன்று தங்கங்களை வென்ற லின் ஹுய்சிங்கின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

இனி 1987.

அந்த ஆண்டு உலகப் போட்டி புதுதில்லியில், இந்திரா காந்தி உள்ளரங்கில் நடந்தது. சீனப் பெண்கள் அப்போது அசைக்க முடியாதவர்கள் என்ற பெயர் எடுத்திருந்தாலும் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. முந்தைய ஆண்டு சோல் ஆசிய விளையாட்டில் தென்கொரியப் பெண்கள் அணிப் பிரிவில் தங்கத்தைத் தட்டிச்சென்றிருந்தார்கள். தில்லியில் தென்கொரியாவின் யாங் யங்-ஜா ஒற்றையர் இறுதிக்குத் தகுதிபெற்றார். மறுபக்க அரையிறுதியில் மோத வேண்டியவர்கள் இரண்டு சீனப் பெண்கள்: ஷாங்காயைச் சேர்ந்த ஹே ஜிலி, குவான் ஜியான்ஹுவா.

இருவரும் சீனர்கள் என்றால் யார் வென்றால் என்ன என்று நாம் நினைக்கலாம். சீன அணி நிர்வாகம் அப்படி நினைக்கவில்லை. இறுதியில் யாங்கை வெல்ல யாருக்கு வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போட்டார்கள். குவான் என்று விடை வந்தது. ஆகவே அரையிறுதியில் ஹே ஜிலி தோற்க வேண்டும். இது அன்றைக்குப் புதிதாகக் கண்டுபிடித்த தந்திரம் அல்ல. சீன மொழியில் இதற்கு 'ராங் சியூ' என்று பெயரே உண்டு. 'பந்தை விட்டுக்கொடுத்தல்' என்று பொருள்.

விட்டுக்கொடுத்தல். இந்தச் சொல்லை நமக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. கேரம்போர்டில் தம்பி தோற்று அழுதால் அக்காதான் விட்டுக்கொடுக்க வேண்டும். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்குத் தங்கையின் படிப்பு விட்டுக்கொடுக்கும். கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குச் சொல்லப்படும் முதல் புத்திமதியும் கடைசிப் புத்திமதியும் அதுதான். சொல்லும்போது அது அன்பின் பெயரால், குடும்பத்தின் பெயரால் வரும். தில்லியில் அது தேசத்தின் பெயரால் வந்தது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த வழக்கம் பெண்களுக்காக மட்டும் வைக்கப்பட்டதல்ல. 1961, 1963, 1965 என மூன்று உலக இறுதிகளில் ஜுவாங் செதோங்கிடம் தோற்றவர் லீ ஃபூரோங். அந்த வெற்றிகள் முன்பே தீர்மானிக்கப்பட்டவை என்பதை ஜுவாங்கே பின்னாளில் வெளிப்படையாகப் பேசினார். லீ எதிர்ப்புக் காட்டவில்லை. காலப்போக்கில் அவர் தேசியப் பயிற்சியாளராகவும் நாட்டின் விளையாட்டுத் துறையில் உயர் அதிகாரியாகவும் ஆனார். விட்டுக்கொடுத்த ஆணுக்கு அதிகாரத்தில் ஓர் இடம் காத்திருந்தது. விட்டுக்கொடுக்கும் பெண்ணுக்கு என்ன காத்திருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. 22 வயது ஹே ஜிலிக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

அவர் பயிற்சியாளர்களோடு வாதாடவில்லை என்றும், மேசைக்கு வந்த பிறகே மறுத்தார் என்றும் சொல்லப்படுகிறது. உண்மையாகவே ஆடினார். வென்றார். இறுதியில் யாங் யங்-ஜாவையும் வென்றார். கோப்பை சீனாவுக்குத்தான் போனது. அதாவது, நிர்வாகம் எதற்காக அவரைத் தோற்கச் சொன்னதோ அந்த நோக்கமே அவர் வென்றதால் நிறைவேறிவிட்டது. ஆனாலும் அவர் மன்னிக்கப்படவில்லை. கோப்பைதான் பிரச்சினை என்றால் விவகாரம் அன்றிரவே முடிந்திருக்கும். யார் வெல்ல வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை யாருடையது என்பதுதான் அவர்களுக்குப் பிரச்சினை.

அவர்மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டுகளையும் பார்க்க வேண்டும். அதே தில்லியில் முந்தைய சுற்றில் இன்னொரு சீன வீராங்கனை அவருக்காக விட்டுக்கொடுத்தார், அதை வாங்கிக்கொண்டவர் தன் முறை வந்தபோது மட்டும் மறுத்தார் என்பது ஒன்று. விட்டுக்கொடுப்பார் என்று நம்பி வந்த குவானை ஏமாற்றினார் என்பது இன்னொன்று. குவான் ஜியான்ஹுவாவை நினைத்தால் எனக்கு வருத்தம்தான். அவருக்கு அன்று நேர்மையான ஓர் ஆட்டமே கிடைக்கவில்லை. எதிராளி தானாகத் தோற்பாள் என்று சொல்லி ஒருவரை மேசைக்கு அனுப்புவது அவரையும்தான் அவமதிக்கிறது. ஹே ஜிலியைத் தியாகச் சுடராகவோ கொள்கை வீராங்கனையாகவோ ஆக்க வேண்டிய தேவை நமக்கில்லை. அவர் தனக்காக வெல்ல விரும்பினார். பெண் ஒருத்தி தனக்காக ஒன்றை விரும்பியதை நியாயப்படுத்த, அதைப் பெரிய கொள்கையாக்கினால்தான் ஆகும் என்ற நிலைதான் கொடுமை.

அவருக்குப் பக்கபலமாக நின்றவர் சுன் மெய்யிங் என்ற மூத்த பெண் பயிற்சியாளர். 1950களின் சீன அணியில் ஆடியவர், இந்த வழக்கத்தை எதிர்த்தவர். இந்தக் கதையில் ஹே ஜிலியின் பெயருக்கு அடுத்து நினைவில் வைக்க வேண்டிய பெயர் அவருடையது என்பேன்.

1988இல் சோலில் டேபிள் டென்னிஸ் முதல்முறையாக ஒலிம்பிக்கில் சேர்ந்தது. நடப்பு உலகச் சாம்பியன் ஹே ஜிலி அணியில் இல்லை. சீனாவில் இது பெரும் விவாதமானது. அணி முடிவு மாறவில்லை. அவர் இல்லாமலே பெண்கள் ஒற்றையரில் தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றும் சீனாவுக்கு வந்தன: சென் ஜிங், லீ ஹுய்ஃபென், ஜியாவ் ஜிமின். மூன்று பதக்கமும் கிடைத்துவிட்ட பிறகு, விடுபட்ட ஒருத்தியைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள்?

அந்த மேடையில் நின்ற மூவரில் இருவரின் பிற்காலமும் நான்காவது கட்டத்துக்குள் அடங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜியாவ் ஜிமின் தென்கொரிய வீரர் ஆன் ஜே-ஹ்யுங்கை மணந்தார். இரு நாடுகளுக்கும் இடையே தூதரக உறவே இல்லாத காலம் அது. தங்கம் வென்ற சென் ஜிங் பின்னர் தைவானுக்குப் போய், அந்த அணிக்காக 1996இல் வெள்ளியும் 2000இல் வெண்கலமும் வென்றார்.

ஹே ஜிலி ஜப்பானியப் பொறியாளர் ஒருவரை மணந்து ஒசாகாவில் குடியேறினார். குடியுரிமை மாறியது. பெயரும் மாறியது: கோயாமா சிரே. கோயாமா கணவரின் குடும்பப் பெயர். 'சிரே' வேறெதுவும் அல்ல, 'ஜிலி'யை எழுதும் அதே இரண்டு எழுத்துகளை ஜப்பானிய முறையில் வாசித்தால் வருவது. பெயரை விட்டும் விடாமலும் வைத்துக்கொண்டார் என்று நான் வாசிக்கிறேன்.

1994 அக்டோபர், ஹிரோஷிமா ஆசிய விளையாட்டு. கோயாமாவுக்கு வயது 30. டேபிள் டென்னிஸில் அது ஓய்வுபெறும் வயது. முதலில் சென் ஜிங்கை வென்றார். சோலில் தான் இல்லாத மேடையில் தங்கம் பெற்றவரை. அடுத்து 1989இன் உலகச் சாம்பியன் சியாவ் ஹோங்கை. இறுதியில் எதிரே நின்றவர் டெங் யாபிங்.

டெங் யாபிங் யார் என்பதை ஒரு பத்தியாவது சொல்லாமல் கடக்க முடியாது. 1973இல் ஜெங்ஜோவில் பிறந்தவர். சுமார் 150 சென்டிமீட்டர் உயரம். இந்த உயரத்தை வைத்துக்கொண்டு தேறமாட்டாள் என்று மாகாண அணியிலேயே ஒதுக்கப்பட்டவர். 16 வயதில் சியாவ் ஹோங்கோடு சேர்ந்து உலக இரட்டையர் பட்டம், 1991இல் ஒற்றையர், 1992 பார்சிலோனாவில் இரண்டு ஒலிம்பிக் தங்கங்கள். 1996இல் மீண்டும் இரண்டு. பின்னாளில் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டமும் பெற்றார். பெண்ணுடலை அளவுகோல் வைத்து நிராகரித்தவர்களுக்கு அவர் கொடுத்த பதில் வேறொரு கட்டுரைக்குரியது. ஹிரோஷிமாவில் அவருக்கு வயது 21, உலகின் முதல் நிலை வீராங்கனை.

கோயாமா அவரையும் வென்றார். ஒவ்வொரு புள்ளிக்கும் ஜப்பானிய மொழியில் 'யோஷ்' என்று கத்தினார். 'சபாஷ், அப்படித்தான்' என்பதுபோன்ற ஒரு கூவல். சீனாவில் கோபம் பொங்கியது. துரோகி என்றார்கள். தோல்வியைவிட அந்தக் கூவல்தான் அதிகம் சுட்டது. அதுவும் ஜப்பானிய மொழியில், போரின் காயம் ஆறாத நாட்டின் காதுகளில். அந்தக் காயம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஜப்பானியச் சொல் அவர் வாய்க்கு எப்படி வந்தது? தன் நாட்டு அணியில் அவருக்கு இடம் இல்லாமல்போனதால் வந்தது.

இங்கே நமக்குப் பழக்கமான ஒரு முரண் இருக்கிறது. கல்யாணமான பெண்ணிடம், இனி புகுந்த வீடுதான் உன் வீடு, அந்தப் பெயர்தான் உன் பெயர், அவர்கள் கௌரவம்தான் உன் கௌரவம் என்று சொல்லாத சமூகம் ஆசியாவில் குறைவு. கோயாமா சிரே சொல்பிசகாமல் அதைத்தான் செய்தார். புகுந்த நாட்டின் பெயரில், கணவர் பெயரைப் போட்டுக்கொண்டு, மூன்று ஆட்டங்களை வென்றார். பிறந்த வீட்டுக்கு எதிராக வெல்லும்போது மட்டும் அந்தப் புத்திமதி செல்லாமல்போய்விடுகிறது.

விட்டுக்கொடுக்கச் சொல்லும் வழக்கம் ஹே ஜிலியோடு ஒழியவில்லை. ஆனால் அவருக்குப் பிறகு அதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை.

நாட்டுக் கட்டம் பெண்களுக்கு வேறு ஒன்றையும் கொடுத்திருக்கிறது, சிறிது காலத்துக்காவது. 1991இல் ஜப்பானின் சிபாவில் வடகொரியாவும் தென்கொரியாவும் ஒரே அணியாக, தீபகற்பத்தின் படம் போட்ட கொடியின் கீழ் ஆடின. தெற்கின் ஹியுன் ஜுங்-ஹ்வாவும் வடக்கின் ரி பன்-ஹூயும் 46 நாள்கள் ஒன்றாக இருந்தார்கள். 1975இலிருந்து எட்டு முறை தொடர்ந்து அணிக் கோப்பை வென்றிருந்த சீனாவை இறுதியில் வீழ்த்தினார்கள். போட்டி முடிந்தது, இருவரும் எல்லையின் இரு பக்கங்களுக்குத் திரும்பினார்கள். சேர்த்துவைத்ததும் பிரித்துவைத்ததும் அவர்கள் கையில் இல்லை.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் லக்சம்பர்க் நாட்டுக்காக 61 வயதுப் பெண் ஒருவர் ஆடினார்: நீ சியாலியன். 1983இல் சீனாவுக்காக உலகத் தங்கம் வென்றவர். முதல் சுற்றில் வென்று, இரண்டாம் சுற்றில் உலகின் முதல் நிலை வீராங்கனை சுன் யிங்ஷாவிடம் தோற்றார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அவரும் சிரித்தபடி கையசைத்தார். அவரைத் துரோகி என்று யாரும் கூவவில்லை. காலம் மாறியிருக்கிறது என்பது உண்மை. அவர் தோற்றதும் அதற்கு உதவியிருக்கும்.

கோயாமா சிரே ஜப்பானுக்காக 1996, 2000 ஒலிம்பிக்குகளில் ஆடினார். பதக்கம் இல்லை. இன்று உலகப் போட்டிப் பட்டியலில் 1987, புதுதில்லி, ஹே ஜிலி, சீனா என்று ஒரு வரி இருக்கிறது. ஆசிய விளையாட்டுப் பட்டியலில் 1994, ஹிரோஷிமா, கோயாமா சிரே, ஜப்பான் என்று ஒரு வரி இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவர்களுக்கு, இருவரும் ஒருவரே என்று சொல்லும் குறிப்பு எதுவும் அந்தக் கட்டங்களுக்குள் கிடையாது.